பைலட் பற்றாக்குறை என்கிறார்கள், பத்திரத்தை வைத்துப் பையனைச் சேர்க்கலாமா?

கீழ்பவானிக்காரன் (கோபி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. பையன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கணிதம் இயற்பியல் இரண்டிலும் நல்ல மார்க். எட்டாவது படிக்கும்போதிருந்தே பைலட் ஆகவேண்டும் என்று ஒரே பிடியாக இருக்கிறான். எங்கள் குடும்பத்தில் விமானத்தில் ஏறியவன் நான் ஒருவன்தான், அதுவும் கோயமுத்தூரிலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை. இந்தத் தொழிலைப் பற்றி யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

போன மாதம் அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் கூட்டம் வைத்தார்கள், நானும் பையனும் போனோம். ஆயிரக்கணக்கில் விமானம் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள், ஓட்ட ஆளில்லை, ஒன்றரை வருடத்தில் லைசென்ஸ், கையில் வாங்கியதும் வேலை என்றார்கள். செலவு 65 லட்சம். டைப் ரேட்டிங் என்று ஒன்று, ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சியாம், அதற்குச் செலவு தனியாக வரும் என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னார்கள். 2025 டிசம்பரில் பைலட் போதாமல் ஒரே நாளில் ஆயிரம் விமானம் நின்றதே, அந்தச் செய்தியையும் திரையில் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்ததும் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

வாய்க்கால் பாசனத்தில் நாலரை ஏக்கர் இருக்கிறது. மஞ்சள், கொஞ்சம் வாழை, வரப்போரம் தென்னை. பேங்கில் பத்திரத்தை வைத்தால்தான் அந்த அளவுக்குக் கடன் வரும். எங்கள் ஐயன் மட்டும் பத்திரத்தைத் தொடாதே என்கிறார். வீட்டில் அவளுக்கு வேறு கவலை, ராத்திரி பகல் பார்க்காத வேலையாமே, பையன் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்கிறாள். அந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்க. ஆள் பற்றாக்குறை நிஜமா?


சோமனூர் தறி எழுதியது:

அண்ணா, நான் ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட், இது நான்காவது வருடம். அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறார். நீங்கள் கேட்பதை அப்படியே எங்கள் அப்பாவும் 2016இல் கேட்டுக்கொண்டு அலைந்தார், பதில் சொல்ல ஆளில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பற்றாக்குறை நிஜம். ஆனால் எதில் பற்றாக்குறை என்று அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். குறைவாக இருப்பது கேப்டன்கள். எங்கள் ஊரில் தறிக்கூடத்துக்கு ஆளில்லை என்று சொன்னால் பாதி நேரம் அது தறி ஓட்டுகிறவரைச் சொல்வதில்லை, கோளாறு பார்க்கிற ஃபிட்டரைச் சொல்வது, ஃபிட்டர் ஆறு மாதத்தில் உருவாகிவிட மாட்டார். அதே கதைதான் இங்கேயும். விமானத்தில் இடது பக்கச் சீட்டில், அதாவது கேப்டன் சீட்டில், உட்கார ஏடிபிஎல் என்கிற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், நிறுவனங்கள் அதற்கு மேலும் கேட்கும், அப்புறம் கமாண்ட் பயிற்சி, அதில் தேறவேண்டும். உங்கள் பையன் 200 மணி நேரம் பறந்து சிபிஎல் என்கிற வணிக பைலட் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வருவான். அந்த 200 மணி நேரக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. 2023இல் மட்டும், விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ 1,600க்கு மேல் சிபிஎல் கொடுத்தது. என்னோடு லைசென்ஸ் வாங்கியவர்களில் இன்னும் வேலை கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள்.

விமான ஆர்டர் பொய்யில்லை. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470, ஜூனில் இண்டிகோ 500 என்று அறிவித்தார்கள். ஆனால் அவை பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வருபவை. ஒரு ஏ320ஐ நாள் முழுக்க ஓட்ட ஐந்தாறு ஜோடி பைலட்டாவது வேண்டும், அந்தக் கணக்கை ஆர்டர் எண்ணிக்கையோடு பெருக்கித்தான் கூட்டத்தில் பெரிய எண்ணாகக் காட்டுவார்கள். அந்த ஜோடியில் ஒருவர் கேப்டன் என்பதும், அவரை உருவாக்கப் பல வருடம் ஆகும் என்பதும் அந்தப் பெருக்கலில் வராது. இன்னொன்றும் பாருங்க. 2012இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு தடவையும் அனுபவப்பட்ட பைலட்கள் கூட்டமாக வேலை தேடி வந்தார்கள், புதிதாக வந்தவர்களின் வரிசை அப்படியே பின்னால் தள்ளிப்போனது.

டிசம்பரில் நடந்ததற்கு வருகிறேன், ஏனென்றால் அதைக் காட்டித்தான் உங்களை நம்பவைத்திருக்கிறார்கள். பைலட்கள் களைப்போடு ஓட்டுகிறார்கள் என்று பல வருடமாகப் புகார் சொல்லி, கோர்ட்டு வரைக்கும் போய், 2024 ஜனவரியில் டிஜிசிஏ புது ஓய்வு விதி போட்டது. வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. ராத்திரி என்றால் 12 மணி முதல் 5 மணி வரை என்று இருந்ததை 6 மணி வரை நீட்டினார்கள். ராத்திரியைத் தொடும் டியூட்டியில் ஆறு தரையிறக்கம் வரை அனுமதி இருந்தது, அதை இரண்டாகக் குறைத்தார்கள். நிறுவனங்கள் அவகாசம் கேட்டுக் கேட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம் மூலமாக 2025 ஜூலை 1 முதல் ஒரு பகுதியும் நவம்பர் 1 முதல் மீதியும் அமலுக்கு வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கையில் இருந்தும் அதற்கேற்ற அளவு ஆள் எடுக்கவில்லை. டிசம்பர் 5ஆம் தேதி இண்டிகோவில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. அதன்பிறகு டிஜிசிஏ அவர்களுக்குப் பிப்ரவரி 10 வரை ராத்திரி விதிகளில் விலக்குக் கொடுத்தது. ஆக, அன்றைக்கு நாட்டில் பைலட் தீர்ந்துபோகவில்லை அண்ணா. இருக்கிற ஆளை வைத்தே முழுசாகப் பிழிந்து ஓட்டிய அட்டவணை, ஓய்வைக் கொடு என்றதும் நின்றுவிட்டது.

என்னுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். முதல் விமானம் காலை 5:10 என்றால் ஒரு மணி நேரம் முன்பு ரிப்போர்ட் செய்யவேண்டும், கம்பெனி கார் 2:50க்கு வாசலில் நிற்கும், நான் இரண்டு மணிக்கு எழுந்திருப்பேன். போனவுடன் கேமரா முன்னால் மூச்சுப் பரிசோதனை. பறப்பதற்கு 12 மணி நேரத்துக்குள் மது தொடக்கூடாது என்பது விதி, வாய் கொப்பளிக்கிற திரவத்தில்கூட ஆல்கஹால் இருந்தால் மாட்டிக்கொள்வோம். அப்புறம் வானிலை, போகிற ஊர்களில் ஓடுதளம் மூடலா விளக்குக் கோளாறா என்று சொல்கிற அறிவிப்புகள், விமானத்தில் ஏதாவது பழுதை அப்புறம் சரிசெய்யலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்களா, எவ்வளவு எரிபொருள், இறங்க முடியாவிட்டால் எந்த ஊர், எல்லாம் இருவரும் பார்த்துக் கேப்டன் கையெழுத்துப் போடுவார். ஒருவர் கீழே இறங்கி விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம், டயர், பிரேக், என்ஜின் விசிறி, பறவை அடித்த தடம். மற்றவர் உள்ளே கம்ப்யூட்டரில் பாதையை ஏற்றுவார், அதை நான் சரிபார்ப்பேன், நான் போட்டதை அவர் சரிபார்ப்பார். ஒரு ஊரில் இறங்கினால் அரை மணி நேரத்தில் அடுத்த ஊருக்குத் திருப்பவேண்டும், சாப்பாடு அந்த இடைவெளியில்தான். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலையைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேகத்துக்கு மேலே விடிவதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அப்பாவை ஒரு நாள் அந்தச் சீட்டுக்குப் பின்னால் உட்காரவைக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று நினைப்பேன். ஆனால் கடன் தவணை மாதம் 95,000 போகிறது, இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.


பல்லடத்திலிருந்து ஒருவன் எழுதியது:

சோமனூர்க்காரர் வரிசை என்று சொன்னாரே, அதில் நிற்பவன் நான். 2021இல் வெளிநாட்டில் பயிற்சி முடித்து, இங்கே வந்து லைசென்ஸை மாற்றி எடுக்கவே பத்து மாதம் ஆனது, பேப்பர்கள், மறுபடி தேர்வு, மறுபடி பறந்து காட்டுவது. மூன்று நிறுவனங்களில் தேர்வு எழுதினேன், ஒன்றில் சிமுலேட்டர் வரை போய்த் திரும்பினேன். இப்போது அண்ணனுடைய பனியன் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன்.

அண்ணா, உங்களிடம் யாரும் சொல்லாத ஒரு செலவு இருக்கிறது. லைசென்ஸ் வாங்கி வீட்டில் சும்மா இருக்க முடியாது. மெடிக்கலை, அதாவது உடல்தகுதிச் சான்றை, வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும், பறந்த மணி நேரம் பழசாகிப்போனால் மறுபடி காசு கொடுத்துப் பறந்து காட்டவேண்டும், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு மறுபடி சோதனை. வேலை இல்லாத காலத்திலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். டைப் ரேட்டிங் போட்டால் வேலை உறுதி என்று ஒருவர் சொல்லி நண்பன் இருபது லட்சம் கட்டினான், அவன் ஏ320 போட்டபோது எல்லோரும் ஏ320தான் போட்டிருந்தார்கள். எந்த நிறுவனமும் எழுத்தில் வேலை கொடுக்காமல் டைப் ரேட்டிங்குக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இன்னும் விடவில்லை நான். அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.


கீழ்பவானிக்காரன் (கோபி) எழுதியது:

இரண்டு தம்பிகளுக்கும் ரொம்ப நன்றிங்க. உங்கள் இருவருடைய எழுத்தையும் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். எங்கள் ஐயன் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். பையன் பல்லடத்துத் தம்பி எழுதியதை மட்டும் இரண்டு தடவை படித்தான்.

வீட்டுக்காரி ஒன்று கேட்கச் சொல்கிறாள். தூக்கமில்லாமல் ஓட்டுகிறார்கள் என்பது எந்த அளவுக்கு நிஜம்? சங்ககிரி லாரிக்காரர்கள் ராத்திரி ஓட்டுவதைப் பார்த்தவர்கள் நாங்கள், அவளுடைய தாய்மாமனையே அப்படித்தான் இழந்தோம். அதனால்தான் கேட்கிறாள்.


பெருந்துறை வீடு எழுதியது:

அண்ணா, இதற்கு நான் பதில் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் பைலட். அவருடைய தளம் மும்பை, நானும் குழந்தைகளும் பெருந்துறையில் மாமியாரோடு இருக்கிறோம். அக்காவிடம் சொல்லுங்க, அவர் பயப்படுவதில் தப்பில்லை.

எங்கள் அப்பா சிங்காநல்லூரில் மில் தொழிலாளி. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட் என்று சுற்றுவார். முழு நைட் வாரத்தில் நாங்கள் குழந்தைகள் பகலில் சத்தமே போடக்கூடாது, அம்மா குக்கர்கூட வைக்கமாட்டார். அப்பாவுக்கு அது ஒரு வாரம் முழுக்க ஒரே மாதிரி இருந்தது, மூன்றாம் நாளில் உடம்பு பழகிவிடும். என் வீட்டுக்காரருக்கு அப்படி இல்லை. திங்கட்கிழமை விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து போவார், புதன்கிழமை சாயங்காலம் கிளம்பி ராத்திரி ஒன்றரைக்கு வருவார், வெள்ளிக்கிழமை திரும்ப விடிகாலை. உடம்பு எதற்குப் பழகும்? ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும் மனித உடம்பு தூங்கத்தான் பார்க்கும், எத்தனை வருடம் பழகினாலும் அது மாறாது என்று அவர்களுக்கே பாடமாக நடத்துகிறார்கள்.

ஓய்வு 36 மணி நேரமாக இருந்தபோது அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். மும்பையிலிருந்து கோவைக்கு வந்து, பெருந்துறை வந்து சேர்ந்து, திரும்பிப் போகிற நேரத்தைக் கழித்தால் மீதி என்ன இருக்கும். இப்போது 48 ஆன பிறகு இரண்டு ராத்திரி வீட்டில் தூங்குகிறார். இதை ஏதோ சலுகை மாதிரி டிவியில் பேசினார்கள், எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டு, பூவோடு எடுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் ஒவ்வொரு வருடமும் அவர் வருவார், சின்னவளுக்கு அப்பா வந்தால்தான் பண்டிகை முடிந்தது என்று கணக்கு.

களைப்பாக இருந்தால் பறக்கமாட்டேன் என்று சொல்ல விதியில் இடம் இருக்கிறது, அதற்குத் தனி ரிப்போர்ட் இருக்கிறது. அவர் ஏழு வருடத்தில் இரண்டு தடவை கொடுத்திருக்கிறார். முதல் தடவை ஏன் என்று கேட்டு நாலு போன் வந்தது. அப்புறம் வேலையை விட்டு வேறு நிறுவனம் போகலாம் என்றாலும் உடனே முடியாது, ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம் நோட்டீஸ் என்று 2017இலேயே டிஜிசிஏ விதி போட்டுவிட்டது. மற்ற எந்த வேலையில் ஒரு வருடம் முன்னாலேயே ராஜினாமா கொடுக்கிறார்கள் சொல்லுங்க.

உடம்பைப் பார்த்துக்கொள்கிற பழக்கம் பையனுக்கு இருக்கிறதா என்று பாருங்கண்ணா. தூங்கவேண்டிய நேரத்தில் போனை வைத்துவிட்டுத் தூங்கத் தெரிந்த பையன் என்றால் பாதிக் கவலை இல்லை.


ஆனைமலை எழுதியது:

தம்பி, நான் பொள்ளாச்சிப் பக்கம், 27 வருடமாகப் பறக்கிறேன், கேப்டன். மேலே எழுதிய மூவரும் எழுதியது சரி. பெருந்துறைப் பொண்ணு எழுதியதைப் படித்ததும் நானும் இரண்டு வார்த்தை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது, களைப்பு என்றால் கண் சொக்குவது மட்டும் இல்லை.

நம் ஊரையே வைத்துச் சொல்கிறேன். ஜூன் ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், தென்னை மட்டை எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும். பீளமேட்டில் கோவை விமான நிலைய ஓடுதளம் தென்மேற்கு வடகிழக்காக இருக்கிறது, அது நம் அதிர்ஷ்டம், காற்றுக் காலத்தில் அவிநாசிப் பக்கமிருந்து வந்து காற்றுக்கு எதிர்முகமாக இறங்கலாம். இருந்தாலும் மலை இடுக்கில் நெருங்கி வருகிற காற்று சீராக வராது. வேகம் திடீரென்று ஏறும், இறங்கும், இறக்கை ஆடும். ஆயிரம் அடிக்கு வரும்போது சக்கரம், ஃபிளாப், வேகம், இறங்கும் விகிதம், செக்லிஸ்ட் எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். அமையவில்லை என்றால் பேச்சே இல்லை, உந்துவிசையைக் கொடுத்து மேலே ஏறி, சுற்றி மறுபடி வரவேண்டும். அதற்கு கோ அரவுண்ட் என்று பேர். பயணிகள் பயந்துபோவார்கள், கீழே இறங்கியபிறகு என்னிடம் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் நாங்கள் செய்கிற வேலையிலேயே மிகவும் சரியான வேலை அதுதான்.

காக்பிட்டில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கவனிப்பார். கேப்டனே ஓட்டினாலும், சரியாக அமையவில்லை என்று பக்கத்தில் இருக்கிற 24 வயதுப் பையன் வாய்விட்டுச் சொல்லவேண்டும், அவன் கோ அரவுண்ட் என்றால் நான் காரணம் கேட்காமல் மேலே போகவேண்டும். இது நன்றாகத் தூங்கி எழுந்த இருவருக்குள் சுலபமாக நடக்கும். நாலாவது தரையிறக்கத்தில், விடிகாலை இருட்டில், இருவரும் களைத்திருக்கும்போது என்ன ஆகும் என்றால், ஓட்டுகிறவருக்கு இறக்கிவிட்டால் போதும் என்று இருக்கும், கவனிக்கிறவருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று இருக்கும். அந்த மூன்று நான்கு நொடி போதும்.

2010 மே 22, மங்களூர் விபத்து. துபாயிலிருந்து ராத்திரி கிளம்பி விடிகாலை வந்த விமானம். கேப்டன் ஒரு மணி நாற்பது நிமிடம் தூங்கியிருந்தார், குறட்டைச் சத்தம் ஒலிப்பதிவில் இருந்தது. விழித்தவர் தூக்கக் கலக்கத்தோடு உயரமாகவும் வேகமாகவும் வந்தார், பக்கத்திலிருந்தவர் கோ அரவுண்ட் என்று சொன்னதும் பதிவாகியிருக்கிறது. 158 பேர் போனார்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோட்டு விபத்தைப் பற்றிப் பேசும்போது மழை, மேசை மாதிரி மலைமேல் இருக்கிற ஓடுதளம், பின்காற்றோடு வந்து ஓடுதளத்தில் வெகுதூரம் தள்ளி இறங்கியது, இதெல்லாம் சொல்வார்கள். எல்லாம் சரி. விசாரணை அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. அந்தத் தளத்தில் கேப்டன்கள் போதாமல் இருந்தார்கள், மறுநாள் காலை விமானத்துக்கும் இதே கேப்டன்தான் பட்டியலில் இருந்தார். வேறு ஊருக்குத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் மறுநாள் அந்த விமானத்தை ஓட்ட ஆள் இருந்திருக்காது. அது அவர் மனதில் இருந்திருக்கும் என்று அறிக்கை சொன்னது. 21 பேர் இறந்தார்கள், இரண்டு பைலட்களும் அதில் சேர்த்தி. அந்த அறிக்கையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆள் குறைவு என்பது ஏதோ ஆபீசில் உட்கார்ந்து டியூட்டி அட்டவணை போடுகிறவர் கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது மழை இருட்டில் கேப்டன் முடிவெடுக்கிற இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதனால்தான் ஓய்வு விதியைத் தளர்த்தும்போதெல்லாம் நாங்கள் சத்தம் போடுகிறோம். வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. வெளியில் இருப்பவர்கள் ஆயிரத்தை 365ஆல் வகுத்து, தினம் மூன்று மணி நேரம்கூட இல்லையே, இதற்கா இவ்வளவு சம்பளம் என்பார்கள். அந்தக் கணக்கு விமானம் நகர்ந்ததிலிருந்து நின்றது வரைக்கும்தான். ரிப்போர்ட் செய்வது, தாமதத்தில் காத்துக் கிடப்பது, கூப்பிட்டால் வரத் தயாராக ஸ்டாண்ட்பையில் இருப்பது, வேறு ஊருக்குப் பயணியாகப் போய் அங்கிருந்து ஓட்டுவது எதுவும் அந்த ஆயிரத்தில் வராது. கொஞ்ச மாதத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டரில் உட்காரவைத்து, ஓடுதளத்தில் வேகம் எடுக்கும்போது என்ஜினை நிறுத்துவார்கள், தீ வைப்பார்கள், ஒவ்வொன்றையும் சமாளித்துக் காட்டவேண்டும். தேறாவிட்டால் அன்றிலிருந்து பறக்கமுடியாது, கேப்டன் என்றும் பார்க்கமாட்டார்கள். மெடிக்கலும் அப்படியே. எனக்குப் போன வருடம் இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியதால் ஆறு வாரம் வீட்டில் உட்காரவைத்தார்கள். 65 வயது வரை ஓட்டலாம் என்கிறது சட்டம், உடம்பு ஒத்துழைத்தால்.

இப்போது உங்கள் கேள்வி. பத்திரத்தை வைக்காதே என்று நான் சொல்லமாட்டேன், என் அப்பாவும் தென்னந்தோப்பில் ஒரு பாகத்தை விற்றுத்தான் என்னை அனுப்பினார். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேசியவர்கள் முதலில் பணம், அப்புறம் மற்றதெல்லாம் என்றிருப்பார்கள். நீங்கள் முதலில் கிளாஸ் 2 மெடிக்கல், அதாவது முதல்கட்ட உடல்தகுதிச் சான்று, எடுங்கள், கையோடு பைலட் வேலைக்கு வேண்டிய கிளாஸ் 1 எடுத்துவிடுங்கள். நிறக் குருடு, காது, இதயம், இதில் ஏதாவது இருந்தால் சில ஆயிரம் ரூபாயோடு தெரிந்துபோகும். கண்ணாடி போட்டிருப்பது பிரச்சினை இல்லை. அடுத்து டிஜிசிஏ கம்ப்யூட்டர் நம்பர், அதாவது தேர்வு எழுதுவதற்கான பதிவு எண், வாங்கி, நேவிகேஷன், வானிலை, விதிகள், டெக்னிக்கல், இந்த எழுத்துத் தேர்வுகளை வீட்டிலிருந்தே படித்து எழுதட்டும். ஒவ்வொன்றிலும் 70 மார்க் வேண்டும், ஒரு வருடம் பிடிக்கும். அந்த ஒரு வருடத்தில் பையனுக்கு இதில் எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதுவரைக்கும் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

தேர்வு முடித்த பிறகு பயிற்சிப் பள்ளியைத் தேடும்போது விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை விமானம் இன்றைக்குப் பறக்கிற நிலையில் இருக்கிறது, எத்தனை பயிற்றுநர், எத்தனை மாணவர், 200 மணி நேரம் முடிக்கப் போன பேட்சுக்கு எத்தனை மாதம் ஆனது என்று அங்கே படிக்கிற பையன்களிடமே போய்க் கேளுங்கள். பயிற்றுநர்களும் பற்றாக்குறைதான், மணி நேரம் சேர்ந்ததும் பலர் ஏர்லைனுக்குப் போய்விடுகிறார்கள். ஒன்றரை வருடம் என்று சேர்ந்து மூன்று வருடம் விடுதியில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுகிற இடமாகப் பாருங்கள். ரேபரேலி பக்கத்தில் இருக்கிற மத்திய அரசு அகாடமிக்கு நுழைவுத்தேர்வு உண்டு, அதையும் எழுதட்டும்.


பல்லடத்திலிருந்து ஒருவன் எழுதியது:

ஆனைமலை ஐயா சொன்ன வரிசையில் நான் போயிருந்தால் எங்கள் வீட்டில் இரண்டு தறிக்கூடம் இன்னும் இருந்திருக்கும். எனக்கு 2018இல் யாரும் சொல்லவில்லை. கோபி அண்ணா, பையனுக்கு நேவிகேஷன், வானிலை இரண்டுக்கும் என்னிடம் புத்தகங்களும் நோட்டும் இருக்கின்றன. வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன்.


கீழ்பவானிக்காரன் (கோபி) எழுதியது:

அண்ணா, தம்பி, தங்கச்சி எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மங்களூர், கோழிக்கோடு பற்றி எழுதியதை வீட்டுக்காரி படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், களைப்பாக இருந்தால் முடியாது என்று சொல்கிற தைரியம் உனக்கு வருமா என்று பையனைப் பார்த்துக் கேட்டாள். அவன் உடனே வரும் என்று சொல்லவில்லை, யோசித்துத்தான் பதில் சொன்னான், அது எனக்குப் பிடித்திருந்தது.

ஓட்டலில் கூட்டம் போட்டவர்கள் தினம் போன் செய்கிறார்கள், முன்பணம் ஐந்து லட்சம் இந்த மாதத்துக்குள் கட்டினால் தள்ளுபடி என்று. இனி எடுக்கப்போவதில்லை. மெடிக்கலுக்குக் கோவையில் டிஜிசிஏ பட்டியலில் இருக்கிற டாக்டரைப் பார்த்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் போகிறோம். பல்லடத்துத் தம்பிக்குத் தனிச் செய்தி அனுப்பிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு நேரில் வருகிறேன். மெடிக்கலுக்குப் போகும்போது வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?


ஆனைமலை எழுதியது:

முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கட்டும், காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப்போங்கள், இரத்தம் எடுப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பவர் சீட்டு கையில் இருக்கட்டும். சின்ன வயதில் ஆபரேஷன், வலிப்பு, ஆஸ்துமா ஏதாவது இருந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், பின்னால் தெரிந்தால் லைசென்ஸே போய்விடும்.

அப்புறம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பையன் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் உங்கள் பெயர் முழுசாக இருக்கும். கம்ப்யூட்டர் நம்பருக்குப் போடுவதற்கு முன்னாலேயே மூன்றையும் ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள், என் தங்கை மகனுக்கு அதிலேயே நாலு மாதம் போய்விட்டது.